அத்தைக்குக் கீழே சிவப்புக் கோடு

1

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எழுதுகிறவர்கள் பிழை திருத்தும் மென்பொருளை நம்பலாம். நாத்தனாருக்கு எழுதும்போது மட்டும் வேண்டாம்.

இதோடு முடித்து அனுப்பினால், "இவ்வளவுதானா?" என்று கடலூரிலிருந்து அவர் ஃபோன் செய்வார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இந்தப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். இனிமேல் எழுதுகிறவர்களே கணினியில் பிழை திருத்தி அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார். கூடவே, அப்படி ஒரு இயந்திரத்தை நம்பி எழுத்தாளர் இருக்கலாமா, கூடாதா என்று ஆளுக்கொரு கட்டுரையும் கேட்டார். சண்டையை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு ஆசை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது ஜெர்மனியில் மைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே நர்ஸ் வேலையில் பாதி எழுத்து வேலை. யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார், யாருக்கு எந்தப் பக்கம் தோல் சிவந்திருக்கிறது, யார் ஏன் சாப்பிடவில்லை என்று ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் எழுதிவைத்துவிட்டுத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப முடியும். ஜெர்மன் மொழியில் மேஜை ஆண்பால், கதவு பெண்பால், சின்னப் பெண்பிள்ளை மட்டும் இரண்டுமில்லை, அஃறிணை மாதிரி ஒன்று. எதற்காக இப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. இந்தப் பால் குழப்பத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது பிழை திருத்தும் மென்பொருள்தான். அதற்கு நான் செய்நன்றி மறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரைப் பற்றி, 'நிம்மதியாகத் தூங்கிப்போனார்' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மென்பொருள் அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பெண் அதைப் படித்துவிட்டு முகம் வெளுத்து அவர் அறைக்கு ஓடியிருக்கிறாள். ஜெர்மனில் அப்படி எழுதினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமாம். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

2

என் நாத்தனார் பெயர் தவமணி. என் வீட்டுக்காரர் சுகுமாருக்கு அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அனுப்புகிற கடிதம், வருகிற கடிதம், மெமோ, சுற்றறிக்கை எல்லாம் அவர் கைபட்டுத்தான் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் லீவ் கிடைக்கவில்லை என்பார்.

நான் ஜெர்மன் படித்து, இங்கே தேர்வெழுதி, வேலை கிடைக்கும்வரை என் மகள் நிலா சிதம்பரத்தில்தான் இருந்தாள். கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தேன். நடக்கிற, பேசுகிற பிள்ளையாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் முதலில் நின்றது அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு. முதலில் சொன்ன வார்த்தை, 'அத்த'. அம்மா என்ற வார்த்தை பிறகு வந்தது, அதையும் ஃபோட்டோவைக் காட்டி அண்ணிதான் சொல்லிக்கொடுத்தார். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். முதல் சில வருஷம் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலாவை அழைத்துவரப் போன அன்றைக்கு அண்ணி ஆபீசுக்குப் போய்விட்டார். லீவு போடவில்லை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, ஆபீஸ் வாசலில் இறக்கி, பிள்ளையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று சுகுமார் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வெளியே வந்திருந்தால் அவரால் உள்ளே திரும்பப் போயிருக்க முடியாது.

3

நிலா வளர வளர அத்தைக்கும் அவளுக்கும் ஃபோனில் எழுத்துப் பழக்கம் வந்தது. இங்கே சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை எல்லாம் அத்தைமேல்தான் பிரயோகித்தாள். 'இங்கே ஒரே மலை' என்று எழுதுவாள். 'தலைல விழுந்துடப் போவுது, ஹெல்மெட் போட்டுக்க' என்று பதில் வரும். 'குலிர் ஜாஸ்தி' என்று எழுதுவாள். 'எழுத்தப் பாத்தாலே நடுங்குது' என்று பதில் வரும்.

அண்ணிக்கு முதுகுவலி உண்டு. நாற்காலியிலேயே காலம் முழுவதும் உட்கார்ந்ததன் பலன். ஒரு நாள் நிலா, 'அத்தை உன் முதுகு வழி எப்படி இருக்கு' என்று கேட்டாள். 'இன்னும் ரோடு போடல' என்று அண்ணி எழுதினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முதுகுவலிக்கு வழி என்றுதான் பெயர். நல்லபடியாக இருந்தால், 'இன்னிக்கு வழி கிளியரா இருக்குது' என்பார். வலி அதிகமாக இருந்தால், 'கடலூர் ரோடு மாதிரி இருக்குது' என்பார். சுகுமாரிடம் பேசும்போதுகூட அப்படித்தான்.

அந்தப் பிழைக்காக அண்ணி காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அடுத்தவர் கடிதத்தில் பிழை பார்த்துச் சலித்தவருக்கு, சாயங்காலம் இந்தப் பிள்ளையின் பிழைதான் காபி மாதிரி.

4

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பல வீடுகளில் அம்மா, அக்கா, அத்தையை 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். அவர்களைப் பற்றிப் பேசும்போது, 'அம்மா சொல்லுச்சு', 'அத்தை வந்துச்சு' என்போம். பெண்களை அஃறிணையில் பேசுவதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கலாம். ஆனால் எங்களுக்கு 'வந்தா' என்றால் மட்டு மரியாதை இல்லாமல் போகும். 'வந்தாங்க' என்றால் ஆள் நாலு வீடு தள்ளிப் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் மடியில் உட்கார ஒரு இடம் வேண்டும் அல்லவா, அதுதான் 'வந்துச்சு'.

நிலா அத்தையை நீ என்பாள். சுகுமார் அக்காவை நீ என்பார். நான் வாழ வந்தவள். எனக்கு அவர் நீங்க. 'அண்ணி சொன்னாங்க', 'அண்ணி வந்தாங்க.' அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இந்தக் குறிப்பிலும் சொன்னார், வந்தார் என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்திருப்பீர்கள்.

ஜெர்மனிலும் இந்த நீ, நீங்கள் உண்டு. வேண்டியவர்களுக்கு 'டூ', வெளியாட்களுக்கு 'ஸீ'. வந்த புதிதில் எனக்கு டூ மட்டும்தான் நாக்கில் வரும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிக்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம், "நீ எப்ப என் பேப்பரைத் தருவ?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். ஆனால் இங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பழகப் பழக, வயதில் மூத்தவர் ஒரு நாள், இனிமேல் நாம் டூ சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்பார். கை குலுக்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பழையபடி ஸீ என்றால், அது முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி.

நம் ஊரில் அப்படி யாரும் கேட்பதில்லை. அதனால் நான் நீங்கவிலேயே இருந்துவிட்டேன்.

5

இந்த வருஷம் அண்ணி ரிடையர் ஆனார். நிலா பள்ளிப் படிப்பை முடித்தாள். இலையுதிர் காலத்தில் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள், விடுதி அறை கிடைத்துவிட்டது. அதற்குள் அத்தை ஒரு தடவை இங்கே வந்து, அவள் வளர்ந்த வீட்டையும் அவள் அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். தான் போன பிறகு வந்து காலி அறையையா அத்தை பார்க்கப்போகிறது என்று கேட்டாள். அண்ணிக்கு முட்டியும் சரியில்லை. அடுத்த வருஷம் விமானத்தில் இவ்வளவு தூரம் உட்கார முடியுமா என்று அவருக்கே சந்தேகம். வந்தால் இப்போதுதான்.

மறுபடியும் அதே வெளிநாட்டவர் அலுவலகம். வருகிறவரின் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். என்ன உறவு என்று கேட்டார்கள். நாத்தனார் என்பதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. அதே வார்த்தைதான் கொழுந்தியாளுக்கும், அண்ணன் மனைவிக்கும். நிலாவுக்கு என்ன உறவு என்றார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, 'டான்ட்டே' என்று எழுதிக்கொண்டார்கள். வளர்த்தவர் என்று சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று அங்கிருந்த பெண் வருத்தமாகவே சொன்னாள். அழைப்புக் கடிதத்தை நானே ஜெர்மனில் எழுதி மென்பொருளில் போட்டுத் திருத்தினேன். ஒரு சொல்கூடத் தட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்த இடத்தில் அதைக் கும்பிடத் தோன்றியது.

எல்லாம் தயார். சென்னையில் விசாவுக்கு நேரமும் வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் அண்ணி சுகுமாருக்கு ஒரு வரி அனுப்பினார். 'நான் வரவில்லை. முட்டி சரியில்லை.'

அதில் ஒரு பிழையும் இல்லை. வரல என்று எழுதுகிறவர், 'வரவில்லை' என்று எழுதியிருந்தார். அங்கேதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

6

சுகுமார் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நான் அடுப்பில் நின்றிருந்தேன். அக்காவும் தம்பியும் முட்டியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். டாக்டர் என்ன சொன்னார், எண்ணெய் தடவுகிறாயா என்று சுகுமார் கேட்டுக்கொண்டே போனார். திடீரென்று அண்ணியின் குரல் மாறியது. நிலா அனுப்பியதைப் படிக்கிறேன் கேள் என்று சொல்லிவிட்டு, ஆபீசில் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் வாசித்தார்.

'அன்பிற்குரிய அத்தை, நீங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தருவதை எதிர்நோக்குகிறோம். உங்கள் முதுகு வலி தற்போது எவ்வாறு உள்ளது? தேவையான ஏற்பாடுகள் அனைத்தையும் அம்மா செய்துள்ளார்.'

"நல்லாத்தானே எழுதியிருக்கா," என்றார் சுகுமார். மனிதர் அப்படித்தான்.

"நல்லாத்தான் இருக்குது. ஆபீஸ்ல ஒருத்தன வேலய விட்டு நிறுத்தும்போது நாங்க இப்படித்தான்டா எழுதுவோம். மரியாதையில ஒரு கொறயும் இருக்காது. நா தூக்கி வளத்த புள்ள என்ன நீங்கள்ங்குது, சுகுமாரு. அந்த வூட்ல என்ன நீங்கன்னு கூப்புடுறது யாரு? யாரு சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

சுகுமார் என்னைப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

கோபம் வந்தது. பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்திருப்பேன், கடைசியில் எனக்கு இந்தப் பெயரா என்று இருந்தது. கீழே தெருவில் போகிற பஸ்ஸை எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் கோபம் வெகுநேரம் நிற்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். நம் பக்கத்தில் நெருங்கினவர்களுக்குள் சண்டை வந்தால் கத்த மாட்டார்கள், வாங்க, போங்க என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆசையாக வளர்த்த பிள்ளை திடீரென்று மரியாதை கொடுத்தால் பயம் வராதா?

7

நிலா பகுதி நேரமாக வேலை பார்க்கும் ரொட்டிக் கடையிலிருந்து வந்ததும் நேராகக் கேட்டேன். அத்தைக்கு ஏன் அப்படி எழுதினாய் என்று.

அவளுக்குப் புரியவில்லை. ஃபோனை எடுத்துக் காட்டினாள். அவள் தட்டியது இது: 'அத்தை நீ எப்போ வருவ. உன் முதுகு வழி எப்படி இருக்கு. அம்மா உனக்கு எல்லாம் ரெடி பண்ணிடுச்சு.' வாக்கியத்துக்கு வாக்கியம் சிவப்புக் கோடு. 'பண்ணிடுச்சு' என்பதற்குக் கீழே, அம்மா உயர்திணை, வினைமுற்றைத் திருத்துக என்று குறிப்பு. அடியில் ஒரு பொத்தான், 'அனைத்தையும் திருத்து'. அதை அழுத்தியிருக்கிறாள். அதற்கும் கீழே, 'மரியாதை நடை'. அதையும் அழுத்தியிருக்கிறாள். வந்ததை முழுதாகப் படிக்கக்கூட அவளுக்குத் தமிழ் போதவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அனுப்பிவிட்டேன் என்றாள்.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு இந்த மெஷின் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை ஒவ்வொரு வாட்டியும் சிரிக்குது. சிரிச்சா எனக்குப் பிடிக்கும். ஆனா இந்த ஒரு வாட்டி தப்பு இல்லாம எழுதணும்னு நெனச்சேன். நான் பெரிசாயிட்டேன்னு அதுக்குத் தெரியணும்ல?"

இங்கே பிறக்காத, இங்கே வளர்ந்த பிள்ளை. அத்தையை இன்னும், 'சிரிக்குது' என்கிறாள். அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அத்தை வரமாட்டேன் என்று சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஏன் என்று விளக்குவதற்காக, நம் ஊரில் நீ என்றால் என்ன, நீங்கள் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள். முகமே மாறிவிட்டது.

"அம்மா, நான் அத்தைக்கு ஸீ சொல்லிட்டேனா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் தடவிக்கொண்டிருந்தது நம் ஊர் வாசலில். அவள் ஜெர்மன் வாசல் வழியாக உள்ளே போய் நின்றுகொண்டிருந்தாள். தன் வீட்டு ஆளுக்கு ஸீ சொல்வது என்னவென்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். விலகித்தான் போகிறார்கள். அன்றைக்கு மட்டும் அவள் போன வழி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

பேசிவிடு, ஃபோன் போட்டுத் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றாள். எழுத்தில் செய்ததை எழுத்தில்தான் சரிசெய்ய வேண்டுமாம். பிழை திருத்தியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். முடித்ததும் எனக்குக் காட்டினாள்.

'அத்தை நீ வரனும். மிசின் உன்ன நீங்கள் ஆக்கிடுச்சு. நான் இல்ல. அம்மாவும் இல்ல. நான் தப்பு இல்லாம எளுதனும்னு பாத்தேன். உன் முதுகு வழி எப்படி இருக்கு. நீ வரலனா நான் போற எடத்துல எனக்கு தூக்கம் வராது.'

என் கை சும்மா இருக்கவில்லை. 'எளுதனும்' கண்ணை உறுத்தியது. அதையாவது மாற்றிவிடலாமா என்று கேட்டேன். சுகுமார் வாழ்க்கையில் அபூர்வமாகச் சில நல்ல காரியங்கள் செய்வார். ஃபோனை என் கையிலிருந்து வாங்கி நிலாவிடம் கொடுத்து, அனுப்பு என்றார்.

பதில் காலையில் வந்திருந்தது.

'எளுதனும் இல்லடி, எழுதணும். சிறப்பு ழ. மூணு சுழி ண. வரனும் இல்ல, வரணும். மிசின விட நீ மோசம். வழி பரவால்ல. புதன்கிழம மெட்ராஸ் போறேன், விசாவுக்கு.'

நிலா பல் துலக்கிக்கொண்டே அதை எனக்குப் படித்துக்காட்டினாள். படித்து முடித்ததும் அழுதாள். நானும்தான்.

எனக்கும் தனியாக ஒன்று வந்திருந்தது. சந்தேகப்பட்டதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 'உனக்கு என்னா எடுத்துக்கினு வரட்டும்? முந்திரி வறுத்துத் தரேன். கருவாடு கேக்காத, ஏர்போர்ட்ல புடிச்சிப்பான்.' எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சமாதானம் யாரும் பேசியதில்லை.

8

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. எனக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது பள்ளியிலேயே தகராறு. இந்தக் குறிப்பையும் அதில் போட்டுத்தான் அனுப்புகிறேன். விட்டுப்போன க், ச், த், ப் எல்லாம் அது கூட்டி அள்ளிப் போட்டதுதான். விசா அலுவலகத்துக்கு எழுதுகிறவர்கள், மருத்துவமனையில் எழுதுகிறவர்கள் அதை நம்புங்கள். வேறு மொழியில் பிழைக்க வந்தவளுக்கு அது ஊன்றுகோல். ஊன்றுகோலைக் கேலி செய்கிறவர்கள் கால் நன்றாக இருப்பவர்கள்.

ஆனால் வழு என்று ஒன்றைப் படித்த அதே பாடத்தில் வழுவமைதி என்றும் ஒன்றைப் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பாசத்தில் ஒருவர் தன் பசுமாட்டைப் பார்த்து, என் அம்மா வந்துவிட்டாள் என்றால், திணை மாறினாலும் அது பிழையில்லை என்று விட்டுவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் அதைச் சொல்லும்போது நாங்கள் சிரித்தோம். மாடு உயர்திணைக்கு ஏறுவதை ஏற்றுக்கொண்ட இலக்கணம், அத்தை மடிக்கு இறங்கி வருவதையும் ஏற்றுக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் மறுத்தால் எழுதட்டும், ஆசிரியருக்குச் சந்தோஷமாக இருக்கும். இயந்திரத்துக்கு வழு தெரிந்திருக்கிறது. எங்கே அமைதியாக இருக்க வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. திருத்துவதே தப்பு என்று சொல்ல வந்தால் அண்ணி சண்டைக்கு வருவார். மூணு சுழி ண என்று அவரும் திருத்தினார். ஆனால் அவர் திருத்தியபோது நிலாவுக்கு அத்தை திரும்பக் கிடைத்தார். இயந்திரம் திருத்தியபோது அத்தை போய்விட்டார். இரண்டும் பிழைத்திருத்தம்தான், என்ன செய்ய? எழுதுகிறவர்கள் ஒற்றையும் சுழியையும் அதனிடம் கொடுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'அனைத்தையும் திருத்து' என்ற பொத்தானைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணி பேசிய இடங்கள் அத்தனையிலும் இப்போது என் திரையில் சிவப்புக் கோடு ஓடுகிறது. கொறயும், வூட்ல, கூப்புடுறது, எடுத்துக்கினு. ஒன்றையும் தொடவில்லை. அச்சிலும் அப்படியே வர வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

9

போன ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் போனோம். சுகுமார் எங்களை இறக்கிவிட்டுவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போனார். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. யார் யாரோ வந்தார்கள். நிலா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிக்காகச் சக்கர நாற்காலி கேட்டு எழுதியிருந்ததால், எல்லோரும் வந்து முடித்த பிறகுதான் வருவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"அம்மா, அத்தை வந்துச்சு," என்றாள். நான் திரும்புவதற்குள் தடுப்பைத் தாண்டி ஓடிவிட்டாள்.

பட்டுப் புடவை, அதற்குமேல் சுகுமாரின் பழைய ஸ்வெட்டர், காலில் புது வெள்ளை ஷூ. மடியில் முந்திரிப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அண்ணி. நிலா முன்னால் போய் நின்றதும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்தை ஆபீஸ் முகமாக வைத்துக்கொண்டார்.

"என்னாங்க மேடம். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நீ சும்மா இரு அத்தை," என்று நிலா குனிந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முந்திரிப் பை நசுங்கியது. நாற்காலியைத் தள்ளிவந்த ஜெர்மன்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பக்கத்தில் போய், ஏதோ சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சுகுமார் ஃபோன் செய்துவிட்டார். எந்தக் கதவுக்கு வர வேண்டும், விமானம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"அண்ணி வந்துச்சுங்க," என்றேன்.

என்ன சொன்னாய் என்று கேட்டார்.

நிலாவின் தலைக்கு மேலாக அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி வந்துச்சுன்னு சொன்னேன். சீக்கிரம் வாங்க."